மாஸ்டரின் இடது கன்னம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ரேடியோ என்பார்கள். அது அவருக்கும் தெரியும். "ரேடியோன்னா நிறுத்தறதுக்கு ஒரு பட்டனாவது இருக்கும். எனக்கு அதுவும் இல்லியே" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

காலையில் முதல் ஆள் ஏறியதிலிருந்து மாலையில் கடைசி ஆள் இறங்குகிறவரை அவர் வாய் ஓயாது. வெறும் அரட்டை என்று நினைத்துவிடக் கூடாது. முதன்முதலாக ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறவர்களுக்குப் பயத்தில் தோள் இரண்டும் காது வரை ஏறிவிடும். கை கால் விறைத்துக் கட்டையாகிவிடும். அந்த நேரத்தில் என்ன சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாது. "கியர் கம்பு உங்களுக்கு அப்படி என்னங்க துரோகம் பண்ணிச்சு? அதோட கழுத்த விடுங்க" என்பார் மாஸ்டர். "கிளட்ச்ச விடறப்ப, தூங்கற குழந்தை மேலருந்து கைய எடுக்கற மாதிரி எடுக்கணும். நீங்க குழந்தைய கட்டில்லருந்து உருட்டி விடறீங்க." ஆள் சிரித்துவிடும். சிரித்தால் தோள் இறங்கும். தோள் இறங்கிய பிறகுதான் பாடம். ஊரில் பாதிப் பேர் அவரிடம் சிரித்துச் சிரித்தே ஓட்டக் கற்றவர்கள்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். சட்டத்தின் அளவுக்கு லென்ஸை மெஷினில் கொடுத்து ஓரம் தேய்த்து, துடைத்து, மாட்டித் தர வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். பேசிக்கொண்டே செய்கிற வேலை இல்லை. "அங்க ஒரு மெஷின் இரைச்சல், வீட்டுக்கு வந்தா இங்க ஒரு மெஷின் இரைச்சல்" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் அவர் ஒரு வேளை பேசாமல் இருந்துவிட்டால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சலோ என்று.

கணக்கு டீச்சர் அவரிடம் கற்க வந்தது கணவர் இறந்த பிறகு. கணவரின் கார் உறை போட்டபடி வாசலில் நின்றது. அவளுடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், நாள் விட்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போக வேண்டும். வாடகைக் கார்க்காரர்கள் வருகிறேன் என்பார்கள், வர மாட்டார்கள். அதனால்தான் அந்த வயதில் துணிந்தாள். ஆனால் பயந்த சுபாவம். வண்டியை நேராக விடச் சொன்னால் பாம்பு போகிற மாதிரி போகும்.

"டீச்சர், போர்டுல அழகா கோணம் வரையறீங்க. ரோட்டுல ஏன் கோணல் வரையறீங்க?"

டீச்சர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் வண்டியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மளமளவென்று கற்றுக்கொண்டாள்.

விபத்து நடந்த அன்றைக்கும் நன்றாகத்தான் ஓட்டினாள். கிடங்குகளின் நீண்ட சுவரை ஒட்டிய சாலை அது, போக்குவரத்து குறைவு. பின் சீட்டிலிருந்து சரிந்து விழுந்த டீச்சரின் கைப்பையை எடுக்க மாஸ்டர் பெல்ட்டைக் கழற்றிய நேரம், ஒரு கிடங்கு வாசலிலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தார். டீச்சர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டாள். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துக்கொண்டே பாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார். சைக்கிள்காரருக்கு ஒரு கீறல் இல்லை. டீச்சருக்கும் இல்லை. வண்டி விளக்குக் கம்பத்தில் மோதி நின்றபோது மாஸ்டரின் இடது கன்னம் டேஷ்போர்டின் விளிம்பில் போய் அடித்தது.

மேலுதட்டில் தையல். கன்ன எலும்பில் விரிசல், தானாகக் கூடிவிடும் என்றார்கள். கூடியும் விட்டது. வீக்கம் வடிந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லாம், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். மனைவியின் அண்ணன் கட்டிலைச் சுற்றி வந்து முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ள, முன்ன இருந்ததுக்கு இப்பதான் மூஞ்சி ஒரு லட்சணத்துக்கு வந்திருக்கு. கம்பத்துக்கு ஒரு நன்றி சொல்லிடுங்க" என்றான். அந்த வீட்டுக்கு வந்தால் இப்படி ஏதாவது சொல்லாமல் அவன் போனதில்லை. மாஸ்டர் தையல் இழுக்க இழுக்கச் சிரித்தார்.

கன்னமும் மேலுதடும் மட்டும் மரத்தே கிடந்தன. பிறகு எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தன. உணர்ச்சி திரும்புகிறது, நல்லதுதான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுக் குழாயடியில் அப்படியே குந்திவிட்டார். அவள் ஓடிவந்து பார்த்தபோது வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றியது. கொஞ்ச நேரம் கழித்து, "கரண்ட் கம்பிய ஈறுல வெச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். அது போன பிறகும் முழுதாகப் போகவில்லை. மேல் ஈறிலும் கடைவாயிலும் சுண்ணாம்பு பட்டதுபோல ஓர் எரிச்சல் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த எரிச்சல் எப்போதும் இருந்தது. அதன் மேல் எப்போது வேண்டுமானாலும் அந்தக் கம்பி வந்து விழுந்தது.

அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பல் தேய்த்தால் வரும். சோற்றுப் பருக்கை அந்தப் பக்கம் ஒதுங்கினால் வரும். முகம் துடைத்த துண்டின் நுனி பட்டால் வரும். மின்விசிறிக் காற்று போதும். கோடையின் உச்சத்தில் அந்த வீட்டு விசிறிகள் ஓடவில்லை. அவள் பக்கத்து அறைக்குப் போய்ச் சின்ன விசிறியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் தனித்தனி அறையில் படுத்தது அதுதான் முதல் தடவை.

பல்லில்தான் கோளாறு என்று அவர் சாதித்தார். விரல் வைத்து இந்தப் பல்தான் என்று காட்ட முடிந்தது அவரால். பல் டாக்டர் ஒரு இளம்பெண். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள், படம் எடுத்துப் பார்த்தாள், திரும்பவும் தட்டிப் பார்த்தாள்.

"பல்லுல ஒண்ணும் இல்லீங்க. நல்ல பல்லு. இதுல கை வைக்க மாட்டேன். நீங்க நரம்பு டாக்டரப் பாருங்க."

"வலிக்கிறது எனக்கா, படத்துக்காம்மா?"

"உங்களுக்கு வலிக்கலன்னு நான் சொல்லவே இல்ல. பல்லு காரணமில்லன்னுதான் சொல்றேன்."

அவருக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் இல்லை. அடுத்த தெருவில் வேறு பல் டாக்டர் இருந்தார். அவர் முதலில் வேரைச் சுத்தம் செய்தார். வலி நிற்கவில்லை என்றதும் பல்லைப் பிடுங்கினார்.

அந்த மதியத்தை மனைவி மறக்கவில்லை. மரப்பு ஊசியின் வேகத்தில் மாஸ்டருக்கு வலி அடியோடு நின்றிருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீடு வரை பேசிக்கொண்டு வந்தார். கதவைத் திறப்பதற்குள் ரெண்டு கதை. "நான் அப்பவே சொன்னேன்ல? பல்லுதான். சனியன் ஒழிஞ்சுது" என்றார். விசிறியைப் போடச் சொன்னார். அதன் நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தை அண்ணாந்து காட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டுத் தழும்பின் மேல் விரலால் மெல்லத் தடவினாள். அவர் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை. சிரித்தார்.

வெளிச்சம் மங்குவதற்குள் மரப்பு இறங்கியது. இல்லாத பல் வலிக்க ஆரம்பித்தது. பல் இருந்த பள்ளத்தில், பல் இருந்தபோது வலித்ததைவிட அதிகமாக வலித்தது. அடுத்த மாதம் அதற்குப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அப்போதும் அப்படியேதான்.

நரம்பு டாக்டர் வயதானவர், நிதானமானவர். பஞ்சு நுனியால் கன்னத்தைத் தொட்டதுமே மாஸ்டர் துள்ளியதைப் பார்த்தார். வாய்க்குள் பார்த்தார். பல் இல்லாத இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியதை மனைவி கவனித்தாள்.

"அடிபட்டது பல்லு இல்ல. பல்லுக்கும் உதட்டுக்கும் போற நரம்பு. கண்ணுக்குக் கீழ எலும்புல விரிசல் விட்டுச்சு இல்லியா, அது வழியாத்தான் அந்த நரம்பு போகுது. காயம் ஆறிடுச்சு, நரம்பு சரியா ஆறல. காத்து பட்டாலும், தண்ணி பட்டாலும், எல்லாத்தையும் வலின்னே மூளைக்குச் சொல்லுது."

"அப்ப பல்லப் புடுங்கினது தப்பா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி.

டாக்டர் கை கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "இனிமே அங்க யாரையும் கை வைக்க விடாதீங்க."

மாஸ்டர் கையால் வாயை மறைத்துக்கொண்டு, "சரியாயிடுமா?" என்றார்.

"குறைக்கப் பாக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். சரியாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. அவரும் அதைக் கவனித்திருப்பார் என்று தெரிந்தது.

மாத்திரைகள் வேலை செய்யாமல் இல்லை. அளவைக் கூட்டக் கூட்ட வலி தள்ளிப் போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ அலறுவது போலக் கேட்டது. ஆனால் கூடவே தரையும் தள்ளிப் போயிற்று. நடந்தால் தள்ளாடினார். குடிக்காத மனிதரைப் பார்த்துத் தெருவில் ஒரு மாதிரியாகச் சிரித்தார்கள். ஒரு நாள் பள்ளியின் வண்டியை நிறுத்தும்போது ஓரக்கல்லில் ஏற்றிவிட்டார். முதலாளி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். கடிந்து பேசவில்லை.

"மாஸ்டர், இந்த மாத்திரையப் போட்டுட்டு நீங்க வண்டில உக்கார முடியாது. உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருங்க, போன் எடுங்க."

தெரியும்தான். மாத்திரை போட்டால் பேசலாம், வண்டியில் உட்கார முடியாது. போடாவிட்டால் வண்டியில் உட்காரலாம், பேச முடியாது. இரண்டும் வேண்டிய வேலை அவருடையது. ஆபீஸில் போன் எடுத்துப் பேசிய சில வாரங்களில், ரிசீவர் கன்னத்தில் பட்டு இரண்டு தடவை மேஜையின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட்டு, முதலாளியிடம் கெஞ்சி, ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க ஏறினார். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டார், காற்று புகாமல். பேச்சுதான் வம்பு செய்தது. எல்லாப் பேச்சும் இல்லை. உதடு ஒட்டும்போது மட்டும். மேலுதடும் கீழுதடும் சேர்கிற இடத்தில் கம்பி விழுந்தது. 'பிரேக்' என்று சொல்ல முடியவில்லை. 'மெதுவா' என்று சொல்ல முடியவில்லை. 'பயப்படாதீங்க' என்பதில் இரண்டு இடத்தில் உதடு சேர்கிறது. கீழுதடு மேல் பல்லைத் தொடுகிற எழுத்தும் அப்படித்தான். வலி என்ற வார்த்தையைச் சொல்லவே வலித்தது.

அந்தக் காலத்துப் புலவர்கள் உதடு ஒட்டாமல் பாட்டுக் கட்டுவார்களாம். மாஸ்டர் பிழைப்புக்காக அதைச் செய்து பார்த்தார். பிரேக் போடச் சொல்வதற்கு 'நிறுத்துங்க' என்றார். மெதுவாகப் போவதற்கு 'நிதானங்க, நிதானங்க' என்றார். அந்தப் பெண் எதிரில் வந்த லாரியைக் கண்டு நடுங்கியபோது, அவர் வாயிலிருந்து "அஞ்சாதீங்க" என்று வந்தது. அரச நாடகத்தில் பேசுகிற மாதிரி இருந்த அந்த வார்த்தையைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். தோள் இறங்கியது. மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் பழைய நாள் திரும்பிவிட்டது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கும் சிரிப்பு வந்தது.

சிரிக்கும்போது மேலுதடு விரிகிறது.

சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் பெண் முதலாளிக்குப் போன் செய்தாள். அவர் வந்து சேரும்வரை மாஸ்டர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டபடி இருந்தார். அதுதான் அவர் கற்றுக்கொடுத்த கடைசிப் பாடம்.

கணக்கு டீச்சர் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு, திரும்பத் தொடங்கிய மாத்திரை முன்போலக் கேட்காமல் இருந்த நாட்களில். விபத்து நடந்த புதிதில் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதுவிட்டுப் போனவள், பின் வரவே இல்லை. மாஸ்டர் வேலையை விட்டுவிட்டார் என்று யார் மூலமாகவோ கேள்விப்பட்டிருக்கிறாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அதே கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். முகம் பாதியாக இளைத்திருந்தது.

"அதுக்கப்புறம் நான் கார் தொடவே இல்ல மாஸ்டர். சாவிய எங்க வெச்சேன்னே தெரியல. உறையோட அப்படியே நிக்குது. அம்மாவுக்கு வண்டி தேடித் தேடியே பாதி நாள் போகுது. போகட்டும், எனக்கு அதுதான் வேணும். நல்லா இருந்த மனுஷர..."

அவளை முடிக்க விடாமல் மாஸ்டர் கையைத் தூக்கினார். அவளிடம் சொல்ல வேண்டும் என்று பல மாதங்களாக மனசில் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். தப்பு உங்கள் மேல் இல்லை. ஓட்டக் கற்கிறவர்கள் கால் மாற்றி வைப்பார்கள். அதற்குத்தான் பக்கத்தில் மாஸ்டர் இருக்கிறார். இதைச் சொன்னால் அவள் திரும்ப வண்டி எடுப்பாள்.

"தப்..." என்றார்.

அவ்வளவுதான் வந்தது. உதடு சேர்ந்த இடத்தில் கம்பி விழுந்தது. முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது, கண் இடுங்கியது. முஷ்டியால் சோபாவின் கையை ஓங்கிக் குத்தினார், ஒரு தடவை, இன்னொரு தடவை. தொண்டையிலிருந்து உறுமல் போல ஒரு சத்தம் வந்தது.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் வந்திருக்கக் கூடாது" என்றாள். மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "டீச்சர், அது கோவம் இல்ல, வலி. வலி வந்தா அப்படித்தான். உக்காருங்க" என்று கையைப் பிடித்தாள். டீச்சர் கையை உருவிக்கொண்டாள். "தெரியுதுங்க. பரவால்ல. கோவப்பட அவருக்கு உரிமை இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் கண்ணைத் திறந்தபோது வாசல் காலியாக இருந்தது.

நரம்பு டாக்டர் மாத்திரைகளை மாற்றினார். கன்னத்தில் ஊசி போட்டுப் பார்த்தார். அது ஒரு மாலை நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. பிறகு ஒரு யோசனை சொன்னார். மேல் ஈறுக்கு அளவெடுத்து, கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு செய்வது. அதற்குள் மரக்க வைக்கும் களிம்பைத் தடவி ஈறின் மேல் மாட்டிக்கொண்டால் மருந்து கரைந்து போகாமல் அங்கேயே நிற்கும். அளவெடுக்க முதலில் பார்த்த அந்த இளம் பல் டாக்டரிடமே போனார்கள். அவள் பிடுங்கிய இடத்தைப் பார்த்தாள். "அன்னைக்கே சொன்னேனே" என்று சொல்லவில்லை. மரக்க வைக்கும் மருந்தைத் தடவிக் காத்திருந்து, பஞ்சு மாதிரித் தொட்டு அளவெடுத்துக் கொடுத்தாள்.

தகடு கொஞ்சம் வேலை செய்தது. முழுதாக இல்லை, ஒரு வேளைச் சோறு தின்னும் நேரத்துக்கு எரிச்சல் அடங்கும், கம்பி விழுவது குறையும். குழைய வேக வைத்த சோற்றை அவர் வலது பக்கம் மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் வாய்க்குள் தகடும் மரத்த உதடும் சேர்ந்து பேச்சைக் குழப்பின. எல்லா வார்த்தையும் கொழகொழவென்று வழிந்தது.

ஆனாலும் அந்த நேரம்தான் அவருக்குக் கிடைத்தது. தன் வாயாலேயே சொன்னால்தான் அவள் நம்புவாள் என்று டீச்சருக்குப் போன் செய்ய முடிவு செய்தார். மரத்திருந்தாலும் உதடு ஒட்டும் வார்த்தையை அவர் நம்பவில்லை. அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து வார்த்தை தேடினார். தப்பு கூடாது. கோபம் கூடாது. மனசு கூடாது. கடைசியில் ஒன்று சேர்ந்தது. மனைவி போனை வலது காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அது தற்செயலா நடந்தது. எனக்கு எரிச்சல் இல்ல. நீங்க காரை எடுங்க."

"யாரு?" என்றாள் டீச்சர். பிறகு, "மாஸ்டரா?"

அவர் திரும்பவும் சொன்னார். முதல் தடவையைவிட மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. எரிச்சல் இல்லை என்று சொல்லும்போது ஈறு தகட்டுக்கு அடியில் எரிந்துகொண்டுதான் இருந்தது.

டீச்சர் அழ ஆரம்பித்தாள். "ஐயோ, உங்க குரலா மாஸ்டர் இது? கோணம் கோணல்னு என்ன ஓயாம கேலி பண்ணின குரலா இது? நானா இப்படிப் பண்ணிட்டேன்?" அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வேணாம், பேசாதீங்க. உங்க கால்ல விழறேன், இனிமே எனக்குப் போன் பண்ணிப் பேசாதீங்க. கேக்க முடியல என்னால" என்று வைத்துவிட்டாள்.

மனைவி போனைக் கீழே வைத்தாள். "அழுது முடிச்சா சரியாயிடுவாங்க" என்றாள். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கார் விற்றுப்போயிற்று என்று முதலாளி சொல்லித் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் தகட்டின் விளிம்பு பட்டு ஈறு புண்ணாகிவிட்டது. புண் ஆறுகிறவரை மாட்டக் கூடாது என்றார்கள். ஆறிய பிறகு மாட்டினால் திரும்பப் புண்ணானது. ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று மனைவி கேட்டாள். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"நரம்பச் சுட்டுவிடற வைத்தியம் ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி அடிபட்ட நரம்புக்கு அது பெரும்பாலும் கேக்கறதில்ல. மரத்தும் போய், மரத்த இடத்துலயே வலியும் போகாம இருக்கறவங்கள நான் பாத்திருக்கேன். என் தம்பியா இருந்தா செய்ய விடமாட்டேன்."

மாஸ்டர் தலையாட்டினார். 'சரியாயிடுமா' என்று அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது போல எழுந்து, சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் அதில் கொடுமை. தழும்பு மீசைக்குள் போய்விட்டது. ஆள் பார்க்கக் கல் மாதிரி இருந்தார். "நல்லாத்தானே இருக்காரு, என்னவாம்?" என்று மாடிவீட்டுக்காரி கேட்டபோது மனைவிக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவளும் ஒரு நாள் அப்படி நினைத்திருக்கிறாள். சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்ட அன்றைக்கு, "நிஜமாவே அவ்வளவு வலிக்குதா, இல்ல..." என்று கேட்டே விட்டாள். அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தட்டை இழுத்து, இடது பக்கமாகவே ஒரு கவளத்தை மெல்லத் தொடங்கினார். அவள்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வேலை தேடிக் கொடுத்தது மனைவியின் அண்ணன். பெரிய வணிக வளாகத்தின் நிலவறையில் கார் நிறுத்துமிடம். அங்கே காற்று கிடையாது. பேச வேண்டியதில்லை. வருகிற கார்களைக் கையைக் காட்டி, தூணில் இடிக்காமல் பின்பக்கமாக இறக்கிவிட வேண்டும். பாதி அளவு மாத்திரையோடு நின்றுகொண்டே செய்யலாம். புகை நாற்றத்திலும் மஞ்சள் விளக்கிலும் மாஸ்டர் நாள் முழுக்க நின்றார். கண்ணாடியை இறக்கி வழி கேட்பவர்களுக்கு விரலால் காட்டினார். ஊமை என்று நினைத்துச் சிலர் சத்தமாகவும் சைகையோடும் பேசினார்கள், அவர் திருத்தவில்லை.

வேலை வாங்கிக் கொடுத்த அண்ணன் முதல் மாதம் அடிக்கடி வந்தான். வாசலிலேயே தங்கை அவனை நிறுத்திச் சொல்லிவிட்டாள். "அண்ணா, உன் குறும்பெல்லாம் வேணாம். அவர் சிரிச்சா வலி வந்துரும்."

"நான் என்ன பேச்சு பேசறது பின்ன?"

"சும்மா பேசு. ஊர் சமாச்சாரம் பேசு."

அண்ணனுக்குச் சும்மா பேசத் தெரியாது. மழை பெய்ததைச் சொன்னான். யாருக்கோ உடம்பு சரியில்லை என்றான். பிறகு கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். மாப்பிள்ளை அவனைப் பார்த்தார், அவன் மாப்பிள்ளையைப் பார்த்தான், உடனே இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும், அத்தனை வருஷப் பழக்கம். பிறகு அண்ணன் வருவது குறைந்தது. விசேஷம் இருந்தால் போன் செய்தான்.

அப்படியே அந்த வீட்டிலிருந்து வேடிக்கையான விஷயங்கள் ஒவ்வொன்றாக நின்றன. டிவியில் சிரிப்புக் காட்சி வந்தால் அவள் மாற்றிவிடுவாள். கடையில் நடந்ததைச் சொல்லும்போது சப்பென்று இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கிச் சொல்வாள். முன்பெல்லாம் அவர் பேசி அவள் கேட்ட வீடு. இப்போது அவள் பேச, அவர் தலையாட்டினார்.

ஒரு சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து பையை வைத்தபோதே முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துவிட்டார். என்ன என்று கையால் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

விடவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சொல்லு என்று விரலை ஆட்டினார். அவள் தலையை அசைத்தாள். அவர் திரும்பவும் ஆட்டினார். அந்தக் கண்ணில் இருந்த பசியை அவளால் தாங்க முடியவில்லை.

"போன வாரம் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். இன்னைக்கு வந்து நிக்கிறார். என்னங்க, பவர் சரியில்லியான்னு கேட்டா, பவர் சரியாத்தான் இருக்கு, அதான் தொல்லைங்கிறார். எல்லாம் பளிச்சுன்னு தெரியுதாம். 'இத மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டிக்குத் திடீர்னு வயசாயிடுச்சு. எனக்குப் பழைய பவரே போட்டுக் கொடுத்துரும்மா'ன்னு..."

முதலில் அவர் தோள் குலுங்கியது. வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாகச் சமாளிக்கப் பார்த்தார். முடியவில்லை. வாய் திறந்து, பல் போன இடைவெளி தெரிய, அந்தப் பழைய சிரிப்பு சத்தமாக வெளியே வந்தது. அவளும் சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு அது வந்தது. இந்தத் தடவை ஒன்று விட்டதும் அடுத்தது என்று அலை அலையாக வந்தது. அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் முழங்கால் போட்டார். நெற்றி தரையில் பட்டது. அவளால் தொட முடியாது. தொட்டால் இன்னும் கூடும். கைக்கெட்டாத தூரத்தில் அவளும் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அவர் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்த வாடை வந்தது. அவள் எழுந்து போகவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். முகம் வெளுத்து, வியர்வையில் நனைந்திருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார். அவளைப் பார்த்து, கையை மெல்லத் தூக்கி, விரலைச் சுழற்றினார். அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?

அப்புறம் இருந்தது. அந்தப் பெரியவரின் மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள். அந்த அம்மாள் சொன்ன பதிலில்தான் கடையே குலுங்கியது. கடை முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கேட்டதுமே, இதைப் போய் இவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"அவ்வளவுதாங்க. பழைய பவரப் போட்டுக் கொடுத்து அனுப்பிட்டோம்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் திரும்பக் கேட்கவில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய், துணியை நனைத்து, அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த பாலைத் துடைக்க ஆரம்பித்தாள்.